கடனும் பொறையும்

எங்கள் வீட்டில் இரவு ஜெபம் ஒரு வரியில் வந்து இடறும். அப்பா ஈரோட்டுப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பம். அம்மா கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் இருந்த வருத்தம், நாங்கள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அடங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை அவரவர் கோயிலுக்கு அவரவர் போவார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. ஆனால் இரவில் எல்லோரும் ஒரே பாயில் முழங்கால் போட்டாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாக, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை அப்பா ஆரம்பிப்பார்.

அம்மா தன் அமுச்சியிடம் படித்த பழைய பாடமும் அப்பாவின் பாடமும் ஏறத்தாழச் சேர்ந்தே ஓடும். ஒரு சொல் இங்கே, ஒரு சொல் அங்கே விலகினாலும் நாங்கள் முணுமுணுத்துச் சமாளித்துவிடுவோம். மன்னிப்புக் கேட்கும் வரியில்தான் இரண்டு குரலும் அடியோடு பிரியும். அப்பா 'கடன்' என்பார். அம்மா 'பொறுத்தருளும்' என்பாள். கடவுளிடம் ஒருவர் கடனைத் தள்ளச் சொல்கிறார், இன்னொருவர் பாவத்தைப் பொறுக்கச் சொல்கிறார். நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வோம். அந்த வரி தாண்டியதும் திரும்பச் சேர்ந்துகொள்வோம்.

அந்த இரண்டு சொற்களும் எனக்குள் இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கின்றன. ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பது என்றால் உண்மையில் எதைக் கேட்பது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பாய்க்குத்தான் திரும்பிப் போகிறேன்.

கடன் என்ற சொல் மூலத்திலேயே இருக்கிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். மத்தேயு அதைக் கடன் என்றே எழுதினார். லூக்கா பாவம் என்று எழுதினார். சீர்திருத்தச் சபையாரின் தமிழ் வேதாகமம் மத்தேயுவைப் பின்பற்றிக் கடனை வைத்துக்கொண்டது. கத்தோலிக்க மரபு பொறுத்தலைப் பிடித்துக்கொண்டது. தமிழும் பாவமன்னிப்பும் அச்சில் சந்தித்துக்கொண்டது மிகவும் முந்திய காலத்தில். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இரண்டே ஆண்டு கழித்து, 1580இல், அவரே கொச்சியில் அச்சிட்ட நூல் 'கொம்பெசியோனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு அது. அச்சுக்கு வந்த தமிழ் முதன்முதலாகச் செய்த வேலைகளில் ஒன்று, ஒரு மனிதன் தன் குற்றத்தைத் தானே எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

கொங்கு நாட்டுக்காரனுக்குக் கடன் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாவு நூல் ஜவுளிக்காரர் கொடுப்பார், நாம் கூலிக்கு நெய்து கொடுப்போம். தறி வாங்கியது கடனில், குடோன் கட்டியது கடனில், மின்கட்டணம் கட்டுவது சில மாதம் கைமாற்றில். கூலி உயர்வு கேட்டு 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் திரும்ப நின்றன. தறி நின்றாலும் வட்டி நிற்காது. இந்த ஊரில் 'எங்கள் கடன்களை' என்று ஒருவர் கடவுளிடம் சொல்லும்போது, தலைமாட்டில் இருக்கும் நோட்டுப் புத்தகமும் சேர்ந்தே அவர் நினைவுக்கு வருகிறது. இது ஜெபத்தைக் கொச்சைப்படுத்துவது ஆகாது என்றே நினைக்கிறேன். கடனாளியின் தொண்டை அடைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்தான் அந்த உவமையைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்.

ஆனால் 'பொறு' என்ற சொல்லுக்குள் போகப் போக, அது இன்னும் ஆழமாகப் பேசுகிறது. அவசரப்படுகிறவரிடம் "கொஞ்சம் பொறுங்க" என்கிறோம். நோவு தாங்காதபோது "பொறுக்க முடியலீங்க" என்கிறோம். குற்றம் செய்துவிட்டு "பொறுத்துக்கோங்க" என்கிறோம். காத்திருப்பது, தாங்குவது, மன்னிப்பது மூன்றுக்கும் ஒரே சொல். பொறை என்றால் சுமை, பொறை என்றால் பொறுமையும்தான். பொறுப்பு என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கும் நிலத்தைக் காட்டி வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போது, மன்னிப்பையும் பலத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: மன்னிப்பு என்பது சுமை காணாமல் போவது அல்ல. யாரோ ஒருவர் அதைத் தாங்கிக்கொள்வது. கடன் தள்ளுபடி ஆனால்கூட அந்தத் தொகை ஆவியாகிவிடுவதில்லை, யார் கணக்கிலோ போய் உட்காருகிறது. சிலுவையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன். அம்மாவின் அந்த ஒரு சொல் சொன்ன அளவுக்கு எதுவும் சொல்லவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் குடோனில் எட்டுத் தறி இருந்தது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது சித்தப்பா தனியாக நூல் வியாபாரம் ஆரம்பித்தார். வெளியில் இரண்டு வட்டிக்குப் பணம் வாங்கினார். புரோநோட்டில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். போட்ட அன்றைக்கு அம்மா, "ஏனுங்க, ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமில்லீங்களா" என்றதும், "தம்பிக்குப் போடாம வேற யாருக்குடி போடுறது" என்று அப்பா சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றரை வருடத்தில் வியாபாரம் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா ஊரை விட்டுப் போய்விட்டார். பணம் கொடுத்தவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. நான்கு தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். தறி இருந்த இடத்தில் எண்ணெய் ஊறிய நான்கு கறுப்புக் கட்டங்கள் தரையில் மிஞ்சின. அம்மா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

அன்று இரவு அப்பா ஜெபத்தை ஆரம்பித்தார். அந்த வரி வந்தது. அவர் குரல் நின்றுவிட்டது. கடனாளிகளுக்கு மன்னிக்கிறோம் என்று அவர் வாயால் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் தன் பாடத்தைச் சொல்லி முடித்தாள். அடுத்த வரியில் அப்பா சேர்ந்துகொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பொய் சொல்லிக் கும்பிடுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று அவர் முடிவெடுத்துவிட்டதாக நான் புரிந்துகொண்டேன். ஜெபத்தை அவர் ஒரு நாளும் விடவில்லை, அந்த வரியை மட்டும் விட்டார். இப்படி ஆறு வருடம். ஒரு மனிதன் கடவுளுக்கு முன்னால் இவ்வளவு நேர்மையாக இருந்து நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் சித்தப்பா வேறொரு ஊரில் ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்திருந்தார். அங்கே அவர் சாட்சி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த உறவுக்காரர் எங்கள் வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னார். தன் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டாராம், கர்த்தர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று கண்ணீரோடு எழுந்து நின்றாராம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எங்கள் தரையில் நான்கு கறுப்புக் கட்டம் இருக்கிறது. அதைக் கேட்காமல் கர்த்தர் எப்படி மன்னிப்பார்?

அந்தக் கோபம் என்னைத் தாவீதின் சங்கீதத்துக்குக் கொண்டுபோனது. தவக்காலத்தில் பல சபைகளிலும் வாசிக்கிற 51ஆம் சங்கீதம். ஊரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்த தாவீது, நாத்தான் வந்த பிறகு பாடியதாகத் தலைப்பு சொல்கிறது. உள்ளம் உடைந்து கேட்கும் மன்னிப்புக்கு அதைவிடப் பெரிய ஜெபம் இல்லை. ஆனாலும் அதில் தாவீது, தன் பாவம் கடவுள் ஒருவருக்கு எதிரானது மட்டுமே என்கிறான். ஊரியா எங்கே போனான்? அந்தப் பாட்டு முழுக்கத் தேடினாலும் செத்துப்போனவன் பெயர் அதற்குள் வராது, தலைப்பிலும் வராது. கடவுளிடம் நேராகப் போய்விடுகிற வழியில் பக்கத்து மனிதனைச் சுற்றிக்கொண்டு போய்விட முடிகிறது. இயேசுவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனைப் பார்த்து, உன்மேல் வருத்தமுள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர் அவர். அந்தக் காலத்துப் பயணத்தை நினைத்தால், கலிலேயாக்காரன் எருசலேமிலிருந்து ஊர் திரும்பி வர நாள்கணக்கில் நடக்க வேண்டும். பீடத்தில் காணிக்கை காத்திருக்கும்.

கோவை மறைமாவட்டத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு காணிக்கை காத்திருந்தது. மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் 1813இல் பிரான்சில் பிறந்தவர். 1842இல் புதுச்சேரிக்கு வந்து தமிழ் படித்து, சேலத்தில் பணிசெய்து, கோவைப் பகுதிக்குப் பொறுப்பேற்று, 1846 அக்டோபர் 4ஆம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அம்மாவின் ஊர் அது. அக்டோபரில் ஜெபமாலை அன்னை திருவிழாவுக்குச் சோமனூர்த் தறிக்காரர்கள் லீவு விட்டுக் கூட்டம் கூட்டமாக வரும் அதே ஊர். பெரிய கடை வீதியில் இன்று நிற்கும் மிக்கேல் அதிதூதர் பேராலயம் அவர் தொடங்கி வைத்தது. உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும், இந்தத் திருச்சபை இந்த மண்ணின் கையில் இருக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

அவரைத் தின்றது வேறொன்று. மலபார்ச் சடங்குகள் என்று பெயர் வைத்துக்கொண்டு, சாதி வழக்கங்களில் எதைத் திருச்சபைக்குள் விடலாம், எதை விடக்கூடாது என்று ரோமில் 100 ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்திருந்தது. 1744இல் வந்த பாப்பரசரின் தீர்ப்பு சில வழக்கங்களைத் தடுத்தது. அதே தீர்ப்பு, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. இங்கே வந்த குருக்கள் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பின்படி நடப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிரெசில்லாக்கும் செய்தார். செய்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். சகித்துக்கொள்வதாகச் சொல்லி நாம் செய்வது சகிப்பா, உடந்தையா என்ற கேள்வி அவரை விடவில்லை. ரோமுக்கு எழுதினார், மனச்சாட்சி சமாதானமாகும்படியான பதில் வரவில்லை. சக குருக்களோடும் ஒத்துப்போகவில்லை. 1855இல் கோவையின் ஆயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1856 டிசம்பர் 8இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14இல் சியெரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார், மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்த நேரம். 42ஆம் நாள், ஜூன் 25இல், இறந்துபோனார். 2020இல் ரோம் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நான் அவரை மதிக்கிறேன். தான் செய்வது பாவமா என்று நிச்சயமாகத் தெரியாத நிலையிலும் அதை எளிதாகக் கழுவிக்கொள்ள மறுத்த மனிதர் அவர். பலத்துக்காக அவர் வேண்டியிருப்பார், அதற்குக் கிடைத்த பதில் ஒரு விலகல் கடிதமாக இருந்திருக்கலாம். ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை: அவரால் கப்பல் ஏற முடிந்தது. கோயிலின் ஒதுக்கப்பட்ட பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களால் எந்தக் கப்பலும் ஏற முடியவில்லை. அந்தச் சத்தியப் பிரமாணத்தை ரோம் நீக்கியது 1940இல். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர் நின்றது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனம் என்ற முறையில் அது நல்ல ஆரம்பம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என்று ஒன்று இருக்கிறதே, பழைய கத்தோலிக்கத் தமிழில் அதற்கு அபராதம் என்று பெயர்.

ஞானோபதேசத்தில் எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த வரிசை அது. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்யமாட்டேன் என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, கடைசியில் அவர் விதித்த அபராதத்தைத் தீர்ப்பது. இப்போது அபராதம் என்றால் ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது என்றாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தையும் ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். நல்ல பெயர். குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது ஒப்புரவுக்கு. ஊரார் குடிக்கும் குளம் நிறைந்ததைப் போல ஒருவனுடைய செல்வம் ஊருக்கு ஆகிற நிலை அது. ஊரோடு ஒத்துப்போகாமல் கடவுளோடு ஒப்புரவு இல்லை என்று அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ, சொல் அப்படித்தான் சொல்கிறது.

கல்லூரி முடித்த வருடம் பெரிய வியாழனுக்கு முந்திய நாள், கருமத்தம்பட்டியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர் இருப்பார்கள். சாயப்பட்டறை வேலைக்குப் போகிற ஒருவரின் கையில் நகக்கண் எல்லாம் நீலம். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் குருவானவர் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என் வழக்கமான பாவங்களை ஒப்பித்துவிட்டு, ஒருவர்மேல் ஐந்து வருடமாகக் கோபம் இருக்கிறது என்றேன். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். நான் சொன்னது பாவ அறிக்கைபோல இல்லை, பிராதுபோல இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவர்கிட்டப் பேசினியா?"

"இல்லீங்க சாமி."

"பேச முடியுமா?"

"முடியாதுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "மன்னிக்கச் சொல்லலை. பேசக்கூடச் சொல்லலை. அவர் வீட்டு வாசல் வரைக்கும் ஒரு தடவை போயிட்டுத் திரும்பி வா. அதுதான் அபராதம்" என்றார். பாவப்பொறுத்தல் ஆசீர் கொடுத்து அனுப்பினார். நான் போகவில்லை.

மன்னிக்க மனம் இருந்தும் கால் எழும்பாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஜெபத்தில் மன்னிப்பையும் பலத்தையும் நம் முன்னோர் ஏன் சேர்த்தே கேட்டார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்தினான் என்கிறார் லூக்கா. அதற்குப் பிறகு அவர் இன்னும் உருக்கமாக வேண்டினார், வியர்வை இரத்தத் துளிபோல விழுந்தது. பலம் வந்த பிறகு பாடு குறையவில்லை, கூடியது. பழைய சாலையோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு நெட்டுக்கல், மேலே ஒரு கிடைக்கல், தலையிலிருக்கும் சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. தானே இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வருகிறவன் போகிறவன் சுமையெல்லாம் அந்தக் கல் தாங்குகிறது. சுமையைக் கல்லிலேயே விட்டுவிட்டுப் போனவர் யாருமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பத் தூக்கியாக வேண்டும்.

அப்படித் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். கேரளத்துச் சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க வேலை செய்தவர். 1995 பிப்ரவரி 25இல் ஓடும் பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை செல்மி பாலும் கன்னிகாஸ்திரீ. 2002இல் அவர் சிறைக்குப் போய், அக்காவைக் கொன்ற சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரன் என்றார். அந்த மனிதர் பிறகு விடுதலையாகி, அவர்களுடைய அம்மாவைப் பார்க்கக் கேரளம் வரை வந்தார். ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் எத்தனை இரவு அந்தத் தங்கையின் குரலும் ஏதோ ஒரு வரியில் நின்றிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆறாவது வருடம் தவக்காலத்தில் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சாம்பல் புதன் கழிந்து இரண்டு நாள் இருக்கும். ஒரு தறியில் பாவு தீர்ந்து புதுப் பீம் ஏற்றியிருந்தது. பாவு பிணைக்கிற அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அப்பா தனியாகத் தறிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, இரண்டையும் விரல் நுனியில் சேர்த்து முறுக்கி மடித்து விட வேண்டும். விரல் வழுக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு தேங்காய்த் தொட்டியில் சலித்த அடுப்புச் சாம்பல். மூவாயிரத்துக்கும் மேலே இழை. ஒன்று விட்டுப்போனாலும் துணி முழுக்கக் கோடு விழும்.

சித்தப்பா வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். முடி நிறைய நரைத்திருந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில், பாவின் மறுகோடியில் குந்தினார். தொட்டியில் விரலைத் தொட்டுக்கொண்டார். முதல் இழையை எடுத்தார்.

நான் குடோன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவர் இடது கை நடுங்கியது. பத்து இருபது இழை தப்பாகப் பிணைத்தார், அப்பா எட்டி அதை அவிழ்த்துத் திருத்தினார். மத்தியானம் ஆரம்பித்தது, விளக்குப் போட்ட பிறகும் முடியவில்லை. அம்மா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள். நடுவில் ஒரு சமயம் சித்தப்பா, "ண்ணா, பணம் என்னால..." என்று ஆரம்பித்தார். அப்பா, "இழையப் பாருடா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பணம் திரும்பி வரவில்லை. வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முடித்ததும் அப்பா தறியைக் கரண்டில் ஓட்டவில்லை. சக்கரத்தைக் கையால் மெள்ளச் சுற்றினார். "பிணைச்சதெல்லாம் அச்சத் தாண்டற வரைக்கும் கையாலதான் ஓட்டோணும், வேகமா விட்டா அத்தனையும் அத்துப்போகும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். விழுது ஏறி இறங்கியது. சாம்பல் பட்ட இழைகள் சாம்பல் நிறப் பட்டையாக நகர்ந்து அச்சுப்பல்லுக்குள் போய் வெளியே வந்தன.

இரவு சித்தப்பாவும் பாயில் முழங்கால் போட்டார். அப்பா ஆரம்பித்தார். அந்த வரி வந்தது. நாங்கள் எப்போதும்போல வாயை மூடிக்கொண்டோம். அப்பாவின் குரல் நிற்கவில்லை. ஆனால் அவர் தன் பாடத்தைச் சொல்லவில்லை. கடன் என்ற சொல் வரவேயில்லை. அம்மாவின் பாடத்தை, அம்மாவுக்குப் பின்னால் அரைச்சொல் தாமதமாக, பழக்கமில்லாத நாக்கோடு சொன்னார். பொறுத்தருளும் என்று. அதன் பிறகு சாகும் வரைக்கும் அந்த வரியை அவர் அப்படித்தான் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் கல்யாணம், காதுகுத்து என்று பொது இடத்தில் பார்த்தால் தலையாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அப்பா இறக்கி வைத்ததை நான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். குருவானவர் சொன்ன வாசல் என் வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டர். பைக்கில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தத் தெரு முனையில் வேகம் தானாகக் கூடிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விடியற்காலை போன் வந்தது. போனேன். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். திண்ணைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனென்று தெரியவில்லை. சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங் கண்ணு வாசல்லயே நின்னுட்டே, உள்ள வா" என்றார்.